ஜோபாவா லண்டன் என்ற செஸ் ஓப்பனிங்கை (ஆட்டத் தொடக்க முறையை) ஆடியவர்கள், எதிர்கொண்டவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

முதல் நகர்வாகச் சிப்பாயை டி4-க்குத் தள்ளுகிறவன் (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை) சி3-இல் குதிரையை வைத்துத் தன் சி சிப்பாயின் வழியைத் தானே அடைக்கக் கூடாது. எனக்குச் செஸ் சொல்லிக் கொடுத்தவர் அடிக்கடி சொன்னது இது. அதை நம்பி ஏழெட்டு வருஷம் சி சிப்பாயையும் சி4-க்குத் தள்ளும் குயின்ஸ் கேம்பிட் மட்டுமே ஆடினேன். எதிரே இருப்பவர் பத்துப் பன்னிரண்டு நகர்வுகளை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். அந்த அலுப்பில்தான் ஜோபாவா லண்டன் பக்கம் வந்தேன்.

வெள்ளை டி4, கறுப்புக் குதிரை எஃப்6. வெள்ளைக் குதிரை சி3, கறுப்பு டி5. மூன்றாவதாக வெள்ளை பிஷப் எஃப்4. அவ்வளவுதான். ஜார்ஜியாவின் கிராண்ட்மாஸ்டர் பாதூர் ஜோபாவா பெயரில் வழங்குகிறது. ஹங்கேரியின் ரிச்சர்ட் ராப்போர்ட்டும் ஆடியதால் ராப்போர்ட்-ஜோபாவா என்றும் சொல்வார்கள். வழக்கமான லண்டன் ஓப்பனிங்கில் இந்தக் குதிரை டி2-இல் அடக்கமாக உட்காரும். இங்கே பி5-க்குத் தாவ, பிஷப்போடு சேர்ந்து சி7-ஐக் குறி வைக்கும். அங்கே நுழைந்துவிட்டால் ராஜாவுக்குச் செக், கூடவே மூலையில் யானையும் போச்சு. ராணியால் குதிரையை அடித்தால் பிஷப் ராணியை எடுத்துக்கொள்ளும்.

முதல் வாரத்தில் இப்படி இரண்டு யானைகள் கிடைத்தன. தலைகால் புரியவில்லை. அப்புறம் ஒரு போட்டியில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எதிராளி மூன்றாவது நகர்வில் இ6 ஆடினார். நான் யோசிக்காமல் குதிரையை பி5-க்குத் தூக்கினேன். அவர் பிஷப்பை டி6-இல் வைத்தார். குதிரையால் அடித்தேன், செக்கும் கூட. அவர் சி சிப்பாயால் திருப்பி அடித்தார். ஆகா, டி6 சிப்பாய் சும்மா கிடக்கிறது என்று என் பிஷப்பால் அதையும் அடித்துக் கடிகாரத்தையும் தட்டிவிட்டேன். அவர் ஒரு நிமிஷம் நம்பாமல் பலகையையே பார்த்தார். பிறகு டி8-இல் இருந்த ராணி இரண்டு கட்டம் இறங்கி வந்து பிஷப்பை எடுத்தது. டி சிப்பாய் முன்னேறியபோதே அந்தக் கோடு திறந்துவிட்டதை நான் பார்க்கவே இல்லை. அந்த அடியை அடிக்காமல் இ3 ஆடியிருந்தால் இரண்டு பிஷப்புகளோடு நல்ல ஆட்டம்.

இன்னும் இதைத்தான் ஆடுகிறேன். கேள்வி: கறுப்பு மூன்றாவது நகர்வில் சி5 தள்ளினால் என்ன செய்கிறீர்கள்?

* * *

நான் கறுப்பில் இதைச் சந்தித்தவன், சி5 ஆடுகிறவன். மூன்றாவது நகர்விலேயே சி5 தள்ளுவேன். பாதிப் பேர் பழக்க தோஷத்தில் உடனே குதிரையை பி5-க்குக் கொண்டுவருவார்கள். ஏ5-இல் ராணியை வைத்தால் செக், குதிரைக்கும் அடி. வந்த குதிரை வந்த வழியே சி3-க்குத் திரும்ப வேண்டியதுதான். அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கவே இந்த ஓப்பனிங்கை எதிர்பார்த்துக் காத்திருப்பேன்.

விஷயம் தெரிந்தவர் முதலில் இ3 ஆடுவார். எஃப்1 பிஷப்பின் வழி திறந்து பி5-க்குக் காவல் வந்துவிடும், அதன்பின் குதிரை வந்தால் ராணி செக் பலிக்காது. அப்போது நான் டி4-இல் சிப்பாயை மாற்றிக்கொண்டு ஏ6 ஆடிவிடுவேன். பி5 கதவு மூடியாச்சு. சொல்லப்போனால் மூன்றாவது நகர்விலேயே ஏ6 ஆடினாலும் தப்பில்லை, பார்க்கத்தான் கோழைத்தனமாக இருக்கும்.

* * *

நான் இதன் பெரியப்பா வீட்டுக்காரன்: ரிக்டர்-வெரெசோவ் என்ற ஓப்பனிங்கை ஆடுகிறவன். அதே இரண்டு நகர்வுகள், மூன்றாவதில் மட்டும் பிஷப் ஜி5-க்குப் போகும். ஜெர்மனியின் குர்ட் ரிக்டர், சோவியத் பெலாரஸின் கவ்ரீல் வெரெசோவ் இருவர் பெயரும் சேர்ந்தது. எஃப்3 ஆடி, இ4 தள்ளி, நடுப்பலகையை ஒரே மூச்சில் பிடிப்பதுதான் ஆசை. ஆசை மட்டும்தான் பல நாள் மிச்சம்.

ஒருவர் குதிரையை டி7-இல் வைத்து, சி6 ஆடி, இ4-இல் சிப்பாயை மாற்றி, அடுத்ததே இ5 தள்ளினார். அடித்தேன். ராணியை ஏ5-இல் வைத்தார். நான் எஃப்6 குதிரையை அடிக்க, வரிசையின் குறுக்கே நடந்து வந்து ஜி5 பிஷப்பை எடுத்தார். ஜி7-இலும் அடித்துக்கொண்டபின் எண்ணிப் பார்த்தால் எனக்கு ஒரு சிப்பாய் லாபம். ஆனால் இ4-இல் என் சிப்பாய் அநாதை, அவரிடம் இரண்டு பிஷப்பும் உயிரோடு. நாற்பது நகர்வு மூச்சுத் திணறி டிரா வாங்கினேன்.

இன்னொரு தொல்லை உண்டு. பிஷப் ஜி5-க்கு வந்ததும் கறுப்பு இ6 ஆட, நீங்கள் இ4 ஆடினால் அது சுத்தமான பிரெஞ்சு டிஃபென்ஸ், அதாவது வெள்ளையின் முதல் நகர்வான இ4-க்குக் கறுப்பு இ6 என்று பதில் சொல்லும் ஓப்பனிங். இ4 பக்கமே போகக் கூடாது என்று டி4-ஐப் பிடித்த எனக்கு அது வாரம் ஒரு முறையாவது வந்துவிடுகிறது. வேறு வழியில்லாமல் இப்போது பிரெஞ்சும் படிக்கிறேன்.