ராத்திரியில் உடைந்த போல்ட்டுகள்

பிளேட்டிங்கில், அதாவது உலோகத்தின் மேல் பூச்சுப் போடுவதில், பட்ட அனுபவம் என்ன என்று கேட்டிருந்தார்கள். எனக்கு அது 12.9 கிரேடு போல்ட்தான், ரொம்பக் கடினமான, பலமான ரகம். கோயம்புத்தூரில் குவாலிட்டி வேலையில் இருந்தேன். துரு பிடிக்கிறது என்று கஸ்டமர் முனகியதால், ஒரு லாட்டுக்கு மட்டும் தொட்டியில் கரண்ட் பாய்ச்சி ஜிங்க் (துத்தநாகம்) பிளேட்டிங் போட வெளியே ஒரு பட்டறைக்கு அனுப்பினோம். பளபளவென்று வந்தன. கடினம் 41 ஹெச்ஆர்சி (ராக்வெல் அளவு), இந்த ரகத்துக்குச் சரிதான், இழுவைச் சோதனையும் பாஸ். சாயங்காலம் டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) முறுக்கிவிட்டு வீட்டுக்குப் போனோம். காலையில் வந்தால் தரையில் ஏழு போல்ட் தலைகள் கிடக்கின்றன. இடையில் யாரும் தொடக்கூட இல்லை.

ஓவராக முறுக்கிவிட்டார் என்று ஃபிட்டர் அண்ணன்தான் வாங்கிக் கட்டிக்கொண்டார், பாவம். உடைந்த முகத்தை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் கற்கண்டை உடைத்த மாதிரி இருந்தது. எஃகின் மணிகளுக்கு (நுண்ணிய படிகங்களுக்கு) இடையிலேயே விரிசல் ஓடியிருந்தது. ஓவர் டார்க்கில் போயிருந்தால் போல்ட் கொஞ்சமாவது நீண்டு மெலிந்திருக்கும்.

காரணம் ஹைட்ரஜன். துரு கழுவ ஆசிடில் முக்கும்போதும், தொட்டியில் கரண்ட் பாயும்போதும் எஃகுக்குள் போய்விடுகிறது. மென்மையான எஃகு தாங்கிக்கொள்ளும், இந்தக் கடினத்துக்குத் தாங்காது. இறுக்கம் எங்கே அதிகமோ, அதாவது தலைக்குக் கீழ் வளைவில், ஊர்ந்து போய்ச் சேர அதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். சில நிமிடத்தில் இழுத்து முடிக்கிற சோதனையில் எங்கே தெரியப்போகிறது?

பட்டறைக்காரரைக் கேட்டால், "ஓவன்ல வெச்சமுங்களே" என்றார். ரெஜிஸ்டரைப் புரட்டினேன். சனிக்கிழமை மதியம் பிளேட்டிங், ஓவனில் ஏற்றியது திங்கள் காலை! உள்ளே போன ஹைட்ரஜனைச் சூட்டில் வெளியேற்ற, பிளேட்டிங் முடிந்து நாலு மணி நேரத்துக்குள் 200 டிகிரி பக்கம் ஓவனில் ஏற்றியிருக்க வேண்டும். எங்கள் ஆர்டரில் அதை எழுதவே இல்லை, ஆகவே பாதித் தப்பு எங்களுடையது. அதற்குப் பிறகு 12.9-க்கு கரண்ட் பிளேட்டிங்கே கிடையாது. ஆசிடுக்குப் பதில் ஷாட் பிளாஸ்ட் பண்ணி (சின்ன இரும்புக் குண்டுகளை வீசித் துருவை எடுத்து), கரண்ட் இல்லாமல் பூசுகிற ஜிங்க் ஃபிளேக் (துத்தநாகச் செதில்) பூச்சு. லாட்டுக்குச் சிலதை முறுக்கி 48 மணி நேரம் அப்படியே விட்டுப் பார்ப்போம்.

இன்னொருவர்:

எங்களுடையது உடையவில்லை, ஒழுகியது. ஹைட்ராலிக் சிலிண்டரில் எண்ணெய் அழுத்தத்தால் போய்வரும் ராடுக்கு ஹார்டு குரோம் (கெட்டியான குரோமியம் பிளேட்டிங்) போட்டு, கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணினோம். ஆர்ஏ, அதாவது சராசரிச் சொரசொரப்பு, 0.05 மைக்ரான். அவ்வளவு வழவழப்பில் எண்ணெய்ப் படலம் நிற்க இடமில்லை. கீச்சுக் கீச்சென்று கத்தி, எண்ணெய் ஒழுகாமல் அடைக்கிற சீல் தேய்ந்தே போனது. அடுத்த செட்டை 0.2-இல் நிறுத்தினோம், சத்தம் போச்சு. முதலாளிக்குத்தான் மனசு ஆறவில்லை, முந்தைய ராடு அளவுக்கு மினுக்கவில்லையாம்.