சம்மாட்டியார் வாய் திறந்திருக்க வேண்டுமா?

நிலாவெளி வாசகன்:
நான் எழுதிவரும் குற்றப் புதினத்தின் முடிவைப் பற்றி உங்கள் கருத்து வேண்டும். கதை இதுதான். 1998, இலங்கையின் திருகோணமலையில் உள்ள திருக்கடலூர். விடியுமுன் தோணியடிக்கு வந்த கரைவலைச் சம்மாட்டியார் (வலையின் சொந்தக்காரர்), கரையொதுங்கிய இளைஞன் ஒருவனின் உடலைக் காண்கிறார். காலில் கல் கட்டிய நைலோன் கயிறு அறுந்து தொங்குகிறது. அந்த முடிச்சு, தன் அக்காள் மகனுக்கு அவரே பழக்கிய முடிச்சு. உடலைத் தாழம்புதரடியில் புதைத்துவிட்டு, பொலிசுக்குப் பயந்து, 2019இல் எவரிடமும் சொல்லாமலே கண்ணை மூடுகிறார். இந்த முடிவே சரி என்பது என் எண்ணம்.

மனையாவெளிப் பெண்:
முடிச்சைப் பார்த்ததும் அவர் கை நடுங்கும் இடத்தை இரண்டு முறை வாசித்தேன். ஆனால் முடிவை ஏற்கமாட்டேன். இறந்தவனின் தாய் தினமும் அவரிடம்தான் மீன் வாங்குகிறாள். அவரும் இரண்டு மீன் கூடப் போடுகிறார். அதைப் பிராயச்சித்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். மகனின் படத்தை ஏந்தி வீதியோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மாரைக் கண்ட ஊர் இது. எனக்கு அந்த இரண்டு மீன்தான் கதையிலேயே பெரிய கொடுமை.

நிலாவெளி வாசகன்:
மௌனம் எல்லாமே குற்றமா, அக்கா? போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லால் கோட்டை கட்டினார்கள். 1950இல் கிணறு வெட்டியபோது வெண்கலத் திருமேனிகள் வெளிவந்தன. புதைத்தவர்கள் வாய் திறந்திருந்தால் அவை மிஞ்சியிருக்குமா?

மனையாவெளிப் பெண்:
திருமேனிகளை ஒளித்தவர்கள் இடிக்க வந்தவனுக்குத் தெரியாமல் ஒளித்தார்கள். சம்மாட்டியார் ஒளித்தது, தேடி அலைந்த தாய்க்குத் தெரியாமல்.

ஓய்வுபெற்ற சட்டத்தரணி:
ஒன்றைக் கவனியுங்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 456ஆம் பிரிவு: கொலைக்கும் இராசத் துரோகத்துக்கும் காலவரம்பு இல்லை. பொதுவாக மற்றக் குற்றங்களுக்கு இருபது ஆண்டுகள். ஆகவே 2018க்குப் பிறகு, உடலை மறைத்ததற்காக அவர்மீது வழக்கு வராது. பொலிசுக்குப் பயந்தே வாய் திறக்கவில்லை என்கிறீர்கள். கடைசி ஓராண்டில் அவர் எதற்குப் பயந்தார்?

நிலாவெளி வாசகன்:
இந்தச் சட்டம் எனக்குத் தெரியாது, ஐயா. அந்த அத்தியாயத்தைத் திருத்துகிறேன். ஆனால் மருமகன் இருக்கிறானே! அக்காள் வீட்டில்தான் சம்மாட்டியாருக்கு மூன்று வேளையும் சாப்பாடு. அவள் கையால் உண்டுகொண்டே அவள் பிள்ளையைத் தூக்குமேடைக்கு அனுப்புவாரா?

ஓய்வுபெற்ற சட்டத்தரணி:
தூக்குத்தண்டனை தீர்ப்பில்தான் உண்டு. 1976க்குப் பிறகு இங்கே எவரையும் தூக்கிலிடவில்லை. மறியல்தான், அதாவது சிறைதான்.

மனையாவெளிப் பெண்:
மருமகன் பெயரை அவர் சொல்லவே வேண்டாம். சாகும் தறுவாயில் தாழம்புதரைக் கைகாட்டினால் போதும். இருபத்தொரு ஆண்டுகளாக இறந்தவனுக்குரிய அந்தியேட்டிச் சடங்குகூடச் செய்யாமல் அந்தத் தாய் வாசலைப் பார்த்திருக்கிறாள். எலும்பையாவது அவளிடம் கொடுங்கள்.

நிலாவெளி வாசகன்:
கைகாட்டினால் கயிறும் வெளியே வருமே, அக்கா. நைலோன் உக்காது. அந்த முடிச்சு யாருடையது என்று கரை முழுக்கத் தெரியும்.

மனையாவெளிப் பெண்:
வரட்டும், தம்பி. அந்த அத்தியாயத்தை எழுதுங்கள்.