சிஆர்சி எதை மறைக்கிறது?

உம்பிலோ_வட்டுக்காரன்:
பக்கத்துத் திரியில் லெனேசியா_மூத்தவர் ஒரு முத்தை உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறார்: "செஃப் கிளஸ்டருக்குள் சர்வருக்குச் சர்வர் ஓடும் தரவுக்கு சிஆர்சி பாதுகாப்பு இயல்பாகவே இருக்கிறது. அதற்கு மேல் மறையாக்கம் வைப்பது வீண் செலவு." படித்ததிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. புதியவர்களுக்கு: செஃப் என்பது தரவைப் பல சர்வர்களில் பரப்பி வைக்கும் சேமிப்பு மென்பொருள், அந்தச் சர்வர் கூட்டம்தான் கிளஸ்டர்; சிஆர்சி என்பது தரவு வழியில் பழுதானதா என்று பார்க்க ஒட்டும் சோதனை எண்; மறையாக்கம் என்பது சாவி இல்லாதவன் படிக்க முடியாதபடி தரவை மாற்றுவது. கேள்வி ஒன்றுதான். சிஆர்சி எதை மறைக்கிறது?

லெனேசியா_மூத்தவர்:
தம்பி, முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படலாம். 2019இல் செஃப்பின் நாட்டிலஸ் வெளியீட்டோடு வந்த இரண்டாம் மெசெஞ்சர் நெறிமுறையில் (செஃப்பின் பாகங்கள் வலையில் பேசிக்கொள்ளும் முறை), இணைப்பு தொடங்கும்போதே இரண்டு பக்கமும் செஃப்எக்ஸ் என்ற அடையாளச் சோதனை வழியாகத் தம்மை நிரூபித்தாக வேண்டும். அந்நியன் உள்ளே வர முடியாது. பிறகு வரும் ஒவ்வொரு செய்தியும் சிஆர்சி32சி சோதனையில் தேற வேண்டும். இது பாதுகாப்பு இல்லையென்றால் வேறு எது?

உம்பிலோ_வட்டுக்காரன்:
நிரூபிப்பதெல்லாம் வாசலில். உள்ளே போனபின் கம்பியில் ஓடுவது அத்தனையும் அப்பட்டம். சிஆர்சி எதற்கு என்று செஃப் ஆவணமே சொல்கிறது: பழுதான வன்பொருளாலும் விண்கதிர்களாலும் பிட்டுகள் புரண்டால் கண்டுபிடிக்க. விண்கதிர், ஐயா! மூட்டையை நிறுத்துப் பார்த்தால் எடை தெரியும்; வழியில் எவன் பிரித்துப் பார்த்தான் என்று தெரியுமா? நடுவில் இருப்பவன் தரவை மாற்றிவிட்டுப் புதிய சிஆர்சியைக் கணக்கிட்டு ஒட்டிவிடலாம். அதற்குச் சாவிகூடத் தேவையில்லை. எதை மறைக்கிறது என்று சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த்_ரேக்:
எங்கள் வட்டுகள் எல்லாம் லக்ஸ் என்ற வட்டு மறையாக்கத்தில் இருக்கின்றன. பிறகு எதற்கு இந்தக் கூச்சல்?

உம்பிலோ_வட்டுக்காரன்:
அது வட்டைக் கழற்றிக்கொண்டு ஓடுபவனுக்கு. லக்ஸ் இருப்பது ஓஎஸ்டிக்கு, அதாவது வட்டைக் கவனிக்கும் செஃப் சேவைக்கு, கீழே. ஓஎஸ்டியின் கையில் தரவு திறந்தே இருக்கிறது. மூன்று நகல் வைத்தால் முதன்மை ஓஎஸ்டி மற்ற இரண்டுக்கும் அதைத் திறந்தபடியே அனுப்புகிறது. சிஆர்சி ஒட்டித்தான் அனுப்புகிறது, கவலை வேண்டாம்.

லெனேசியா_மூத்தவர்:
மூட்டைக் கதை நன்றாக இருக்கிறது, சந்தையில் போய்ச் சொல்லுங்கள். கிளஸ்டரின் நிலையைக் கவனிக்கும் மானிட்டர் சேவைகளுக்கு இடையே இயல்பு அமைப்பே செக்யூர் முறைதான், அதாவது மறையாக்கத்தோடு அனுப்புவதுதான், என்பதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? என்னுடையது ஒரே அறை, இரண்டு ரேக், தனி சுவிட்ச். அந்தக் கம்பியில் எவன் வந்து காது வைக்கப்போகிறான்?

உம்பிலோ_வட்டுக்காரன்:
மானிட்டரில் இருப்பது கிளஸ்டரின் வரைபடம். வாடிக்கையாளரின் அடையாள எண் ஓடுவது ஓஎஸ்டிகளுக்கு இடையே. அங்கே இயல்பு சிஆர்சிதான். கம்பியைத் தொடவும் வேண்டாம், சுவிட்சில் போர்ட் மிரரிங் போட்டு, ஓடுவதையெல்லாம் இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுத்தால் போதும். சென்ற ஆண்டுக் கூட்டத்தில் நான் அதைச் செய்து காட்டியபோது தேநீர் குடிக்க எழுந்து போனவர் யார் என்று எல்லோருக்கும் நினைவிருக்கிறது. லோட் ஷெட்டிங் மின்வெட்டு நாட்களில் பேட்டரி மாற்றவும் ஜெனரேட்டர் பார்க்கவும் எத்தனை பேர் உங்கள் "தனி" அறைக்குள் வந்து போனார்கள்? சொந்தக் கம்பிதானே என்று கூகிளும்தான் இருந்தது. அதன் தரவு மையங்களுக்கு இடையிலான இணைப்பை அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகள் ஒட்டுக்கேட்ட செய்தி 2013 அக்டோபரில் வாஷிங்டன் போஸ்டில் வந்தது.

லெனேசியா_மூத்தவர்:
கூகிளுக்குக் கண்டம் விட்டுக் கண்டம். எனக்கு அலமாரி விட்டு அலமாரி. எதையும் ஊதிப் பெரிதாக்குவது டர்பன்காரர்களின் பழக்கம்.

சாட்ஸ்வர்த்_ரேக்:
டர்பனை ஏன் இழுக்கிறீர்கள்? நானும் டர்பன்காரன்தான், அதுவும் உங்களுக்கு ஆதரவாகப் பேச வந்தவன்.

மாரிட்ஸ்பர்க்_சட்டம்:
தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியாவை யாரும் தொடவே இல்லையே. 2021 ஜூலை 1 முதல் அமலாக்கம், ஒரு கோடி ராண்ட் வரை நிர்வாக அபராதம். 19ஆம் பிரிவு பொருத்தமான, நியாயமான தொழில்நுட்ப நடவடிக்கைகளைக் கேட்கிறது. மறையாக்கம்தான் வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை.

லெனேசியா_மூத்தவர்:
சட்டமும் என் பக்கம். நன்றி அக்கா.

மாரிட்ஸ்பர்க்_சட்டம்:
நான் அப்படிச் சொல்லவில்லை. எதிர்பார்க்கத்தக்க உள் அபாயங்களையும் வெளி அபாயங்களையும் கண்டறிய வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. "உள்" என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பீனிக்ஸ்_புதியவன்:
அண்ணா, ஒரு சந்தேகம். எங்களிடம் லினக்ஸ் 5.4 கெர்னல் வழியாகச் செஃப்பை அணுகும் கிளையண்ட் கணினிகள் இருக்கின்றன. செக்யூர் முறைக்கு மாற்றினால் அவை அறுந்துவிடுமா?

உம்பிலோ_வட்டுக்காரன்:
கெர்னல் கிளையண்ட் இரண்டாம் நெறிமுறையைக் கற்றுக்கொண்டது 5.11இல். எம்எஸ் கிளஸ்டர் மோட் என்ற அமைப்பை மட்டும் செக்யூர் ஆக்குங்கள்; அது செஃப் சேவைகள் தங்களுக்குள் பேசுவதற்கு, பழைய கிளையண்டுகளைத் தொடாது. மூத்தவர் இதையாவது சொல்லிக் கொடுத்திருக்கலாம். சிஆர்சி புராணம் பாடவே அவருக்கு நேரம் போதவில்லை.

லெனேசியா_மூத்தவர்:
சொல்லிக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். செக்யூர் முறையைப் போட்டுப் பார்த்தவன் நான். வேகம் படுத்துவிட்டது.

உம்பிலோ_வட்டுக்காரன்:
எந்தச் செயலியில்? ஏஇஎஸ் என்ற மறையாக்க முறைக்கான கட்டளைகளை இன்டெல் 2010இலேயே செயலிக்குள் வைத்துவிட்டது. செக்யூர் முறை நம்பியிருக்கும் ஏஇஎஸ்-ஜிசிஎம் அதில் பறக்கும்.

லெனேசியா_மூத்தவர்:
செயலி எதுவானால் என்ன? படுத்தது படுத்ததுதான்.

சாட்ஸ்வர்த்_ரேக்:
நான் சொல்கிறேன். ராஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கணினி. அதில் ஏஇஎஸ் வன்பொருள் கட்டளைகளே கிடையாது. டர்பனைப் பேசியதற்கு இது.

லெனேசியா_மூத்தவர்:
நம்பிச் சொன்னதைப் பொதுவில் போடுகிறீர்கள், நல்ல பண்பு. அது வீட்டுச் சோதனை.

உம்பிலோ_வட்டுக்காரன்:
பை 4இல் அளந்துவிட்டா ஊருக்கெல்லாம் வீண் செலவு என்று அறிவுரை சொன்னீர்கள்! சரி, வேகத்தை விடுங்கள். சிஆர்சி எதை மறைக்கிறது?

லெனேசியா_மூத்தவர்:
அலுவலகத்திலும் சோதித்தேன். அந்தச் செயலியின் விவரத்தை உங்களிடம் ஒப்பிக்க வேண்டிய கடமை எனக்கில்லை. சாட்ஸ்வர்த்காரர் இனி எனக்குத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம்.

சாட்ஸ்வர்த்_ரேக்:
போன மாதம் கேட்டு வாங்கிப்போன சுவிட்சைத் திருப்பிக் கொடுங்கள், பிறகு அனுப்பமாட்டேன்.