படப்பிடிப்புத் தளத்தில் சிகரெட் புகை: யாரிடம் முறையிடுவது?

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் உடை உதவியாளராகப் பணிபுரிகிறேன். வாடகை பங்களாவில் நடக்கும் எங்கள் படப்பிடிப்பில், வெளிச்சம் வராதபடி சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, ஒலிப்பதிவுக்காக ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்திவிடுவதால், டேக்குகளுக்கு நடுவே ஒரே ஒருவர் பற்றவைத்தாலும் அந்தப் புகை வெளியேற வழியின்றி அங்கேயே நிற்கிறது. தேய்த்து மாட்டிய பட்டுப்புடவையில்கூட வாடை ஏறிவிடுகிறது. ஆஸ்துமா உள்ள ஒப்பனை உதவியாளர் ஒருவர், பவுடர் டப்பாவுக்குப் பக்கத்திலேயே இன்ஹேலரை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். புகைப்பவர்களில் பெரும்பாலோர் மூத்தவர்கள் என்பதால், தினக்கூலிக்கு வரும் நாங்கள் வாய் திறக்கத் தயங்குகிறோம்.

2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி பணியிடமும் பொது இடமே. அங்கே புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. யாரிடம் புகார் சொல்லலாம் என்பதைப் பொறுப்பாளர் எழுதி வைக்கவும் வேண்டும். எங்கள் தளத்தில் அப்படியொரு பலகை இல்லை. (கதாபாத்திரம் புகைத்தால் திரையில் எச்சரிக்கை வாசகம் ஓடுகிறது, கேமராவுக்குப் பின்னால் புகைப்பவருக்கு எதுவும் ஓடுவதில்லை.)

இத்தகைய தளத்தில் சட்டப்படி பொறுப்பாளர் யார், பங்களா உரிமையாளரா, தயாரிப்பு நிர்வாகியா? எங்கள் பெயர் வெளிவராமல் சங்கத்தின் வழியே முறையிட இயலுமா? புகைப்பவர்களை வாசலுக்கு வெளியே அனுப்பும் வழக்கத்தை உங்கள் யூனிட்டில் கொண்டுவந்திருந்தால், அந்தப் பேச்சை யார், எப்படித் தொடங்கினார்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.