இடுப்பு டிஸ்க் ஆபரேஷன்: இன்னும் மனதை அரிக்கிற ஒன்றை எழுதுங்கள்

மேலூரான்:
எல்5-எஸ்1, அதாவது முதுகெலும்பின் அடியில் இருக்கிற கடைசி டிஸ்க், இடது பக்கம். மைக்ரோடிசெக்டமி, பிதுங்கி நரம்பை அழுத்துகிற டிஸ்க் துண்டை மட்டும் எடுக்கிற ஆபரேஷன். எம்ஆர்ஐ, மாத்திரை, ஊசி, பெல்ட் எல்லாம் உங்களுக்கும் தெரிந்த கதைதான், விடுங்கள். டாக்டர் கேட்ட ஒரு கேள்விதான் எனக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. "எது ஜாஸ்தி? இடுப்பு வலியா, கால் வலியா?" ரெண்டும்தான் சார் என்றேன். "ஒண்ணைச் சொல்லுங்க." பின்தொடையிலிருந்து சுண்டுவிரல் வரை கரண்ட் ஓடுகிறவனிடம் கேட்கிற கேள்வியா? கால் என்றேன். "அப்ப சரி. காலுக்குத்தான் ஆபரேஷன். இடுப்புக்கு நான் உத்தரவாதம் இல்லை." நான் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

மயக்கம் தெளிந்தபோது கால் வலி இல்லை. குறையவில்லை, இல்லவே இல்லை. 5 மாதமாகக் கூடவே குடியிருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டுப் போன மாதிரி. அழுதுவிட்டேன். ஆனால் 7 மாதம் கழித்தும் பல் தேய்க்கக் குனிந்தால் இடுப்பு பிடிக்கிறது. ஆபரேஷன் தோல்வி என்கிறார்கள் வீட்டில். அந்த மனுஷர் சொன்னதுதானே நடந்திருக்கிறது? வேறு யாருக்காவது இப்படி?

தேனி மருமகள்:
எங்கள் மாமனார், அப்போது வயது 71. இது ஸ்டெனோசிஸ், நரம்பு போகிற பாதையே சுருங்கிப்போன கேஸ். நாலு நிமிடம் நடந்தால் இரண்டு காலும் கனத்து மரத்துவிடும், உட்கார்ந்தால் சரியாகிவிடும். ஆனால் சைக்கிளில் தோட்டத்துக்கு 6 கிலோமீட்டர் போய் வருவார். ரேஷன் கடைக்கு நடக்க முடியாதாம், சைக்கிள் மட்டும் மிதிப்பாராம், நடிக்கிறார் என்று நானே என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

வீரபாண்டி சித்திரைத் திருவிழா. கூட்டத்துக்கு நடுவே ஒரு ஐஸ் வண்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றுவிட்டார். "வாங்குறீங்களா இல்லையா பெரியவரே?" என்றான் ஐஸ்காரன். தலை நிமிராமலே "ரெண்டு குடு" என்றார். அவருக்குச் சர்க்கரை வேறு. குச்சி ஐஸ் இரண்டும் முழங்கை வரை உருகி வழிய, கால் திரும்பி வரும்வரை அப்படியே நின்றார். வண்டியைப் பிடித்துக்கொள்ளக் கொடுத்த வாடகை அது.

மதுரையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "சைக்கிள் ஓட்டினா வலிக்குதா?" குனிந்தால் அந்தப் பாதை கொஞ்சம் அகலும், நிமிர்ந்தால் இறுகும் என்று விளக்கினார். லாமினெக்டமி, அதாவது பின்பக்க எலும்பைக் கொஞ்சம் எடுத்து அந்தப் பாதையை அகலமாக்குகிற ஆபரேஷன், செய்து 2 வருடம். நன்றாக நடக்கிறார்.

வைரம்_65:
யாரும் அவசரப்பட்டுக் கத்தி வைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் எல்4-எல்5 பிதுங்கியதுதான். 48 நாள் வர்மம், எண்ணெய். சரியாகிவிட்டது. என் கதை அவ்வளவுதான். ஆனால் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். முதலில் மெத்தையைத் தூக்கிப் போடுங்கள், கோரைப் பாய்தான். உருளைக்கிழங்கு, கடலைப்பருப்பு போன்ற வாயுப் பதார்த்தம் கூடாது. வாரம் இரண்டு நாள் முடக்கத்தான் தோசை. பச்சைத் தண்ணீரில் குளிக்காதீர்கள். பேண்ட் பின்பாக்கெட்டில் பர்ஸ் வைத்து உட்காராதீர்கள், சிலருக்கு அதனாலும் வலி வருகிறது. பைக்கை விற்றுவிடுங்கள். மேலூரான் தம்பி, 5 மாதம் பொறுத்தவர் இன்னும் 2 மாதம் பொறுத்திருக்கக் கூடாதா? தேனி தங்கச்சி, 71 வயதில் ஒரு மனுஷனை மேசையில் ஏற்றலாமா? யோசியுங்கள்.

பெயர் வேண்டாம்:
வைரம் ஐயா, உங்களுக்குச் சரியானதில் சந்தோஷம். பிதுங்கிய டிஸ்க் நிறையப் பேருக்குத் தானாகவே சுருங்கும், 6 முதல் 12 வாரத்தில் வலி அடங்கும், பாயில் படுத்தாலும் மெத்தையில் படுத்தாலும். அதை எண்ணெய்க் கணக்கில் எழுதாதீர்கள். நானும் எண்ணெய் தேய்த்தவன்தான்.

சனிக்கிழமை ராத்திரி சிறுநீர் வரவில்லை. முட்டவும் இல்லை, அதுதான் விஷயம். ஞாயிறு காலை கழுவும்போது என் கை எதையோ தொடுகிறது, தொடப்படுகிற இடம் என்னுடையதாக இல்லை. வண்டி சீட்டில் படுகிற இடம் முழுக்க அப்படித்தான். "உடம்புச் சூடு, இளநீர் குடி" என்றார்கள். குடித்தேன். திங்கள் காலைதான் ஆஸ்பத்திரி. டியூப் போட்டதும் ஒரு லிட்டரைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. "எப்பலேர்ந்து?" என்றார் டியூட்டி டாக்டர், சின்னப் பெண். சொன்னேன். நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

காடா ஈக்வினா என்ற பெயரே அப்புறம்தான் தெரியும். முதுகெலும்பின் அடியில் இருக்கிற நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்குவது. இதில் 48 நாள் கணக்கெல்லாம் இல்லை, மணிக்கணக்குதான். அன்றைக்கே ஆபரேஷன். நடக்கிறேன், வேலைக்குப் போகிறேன். 3 வருடமாக ஒரு நாளைக்கு 4 முறை நானே டியூப் விட்டுத்தான் சிறுநீர் எடுக்கிறேன்.

வைரம்_65:
அது வேறு கேஸ் தம்பி. நான் பொதுவாகச் சொன்னேன். பர்ஸ் விஷயம் உண்மைதான், வேண்டுமானால் பாருங்கள்.

கோவை வாத்தியார்:
ஸ்க்ரூ பற்றி யாருமே எழுதவில்லையே? எனக்கு ஸ்டெனோசிஸோடு எல்4 எலும்பு கொஞ்சம் முன்னால் நழுவியும் இருந்தது. அதைப் பக்கத்து எலும்போடு இணைக்க 4 ஸ்க்ரூ, 2 ராடு என்றார் முதல் டாக்டர். இரண்டாமவர் குனிந்து ஒன்று, நிமிர்ந்து ஒன்று என எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இரண்டு பிலிமையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு அசையவே இல்லை. "அசையாததுக்கு எதுக்குங்க ஆணி?"

வீட்டுக்கு வந்து படித்தேன், வாத்தியார் புத்தி. 2016ல் ஸ்வீடன் ஆய்வு ஒன்று, 247 பேர். நரம்பை விடுவித்ததோடு நிறுத்தியவர்களும், கூடவே எலும்பை இணைத்துக்கொண்டவர்களும் 2 வருடம் கழித்து ஒரே மாதிரிதான் இருந்தார்கள். அதே இதழில் வந்த அமெரிக்க ஆய்வோ இணைத்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பலன் என்றது. ஆக, முதல் டாக்டரைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஸ்க்ரூ இல்லாமல் செய்து 14 மாதம் ஆகிறது. முழு பீரியடும் நின்றே பாடம் எடுக்கிறேன். ஆனால் சாக்பீஸ் எடுக்கக் குனியும்போதெல்லாம் அந்த ஜன்னல் ஞாபகம் வருகிறது, இன்னும் அசையாமல்தான் இருக்கிறதா என்று.

மேலூரான்:
பர்ஸை மட்டும் முன்பாக்கெட்டுக்கு மாற்றிவிட்டேன், வைரம் ஐயா. தேனி அக்கா, நடிப்பு என்று நினைத்ததை மாமனாரிடம் சொல்லிவிட்டீர்களா?

தேனி மருமகள்:
இல்லை தம்பி. அன்றைக்கே அவர் காதில் விழுந்திருக்கும். நடுவில் ஒரு கதவுதான்.