கிளேசியல் அசிட்டிக் அமிலம்: புட்டியில் எந்தப் பெயர்?

பொருள்: கலைச்சொல் வேண்டும் – கிளேசியல் அசிட்டிக் அமிலம்

அனைவருக்கும் வணக்கம்.

ஆய்வகப் புட்டிகளில் ஒட்டும் தமிழ்ச் சீட்டுகளில் இந்த ஒரு சொல் மட்டும் இழுபறியில் நிற்கிறது. உறை அசிட்டிக் அமிலம், பனி அசிட்டிக் அமிலம் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். குறிக்க வேண்டிய பொருள் இது: நீர் ஏறக்குறைய இல்லாத அசிட்டிக் அமிலம். 118 பாகை செல்சியஸில் கொதிக்கும், 16.6 பாகையில் பனிக்கட்டி போலப் படிகமாகும்.

அடர் கந்தக அமிலம், அடர் நைட்ரிக் அமிலம் வரிசையில் இதையும் "அடர் அசிட்டிக் அமிலம்" என்றே வைத்துவிடலாமா?

——

பொருள்: மறு: கலைச்சொல் வேண்டும்

> "அடர் அசிட்டிக் அமிலம்" என்றே வைத்துவிடலாமா?

வேண்டாம். 80 விழுக்காட்டு அமிலமும் அடர் அமிலம்தான். ஆனால் அது சுழியம் பாகைக்குக் கீழே போனால்தான் உறையும். 1 விழுக்காடு நீர் சேர்ந்தாலே உறைநிலை ஏறத்தாழ 2 பாகை இறங்கிவிடுகிறது. 40 விழுக்காடு நீர் இருக்கும்போது −26 பாகை அளவுக்குப் போய்விடும். அதனால்தான் உறைநிலையையே தூய்மைக்குச் சான்றாக வைக்கிறார்கள். 15.6 பாகைக்குக் கீழே உறைவதை அமெரிக்க மருந்துத் தரநூல் ஏற்பதில்லை. பெயரில் உறைவதைப் பற்றிய குறிப்பு கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஜெர்மானியர் இதை "ஐஸ்எஸ்ஸிக்" என்கிறார்கள். அப்படியே சொன்னால் பனிக்காடி. சொல் அழகுதான். ஆனால் காடி (வினிகர்) என்பது 4, 5 விழுக்காட்டில் ஊறுகாய்க்கு ஊற்றுவது. தோலைப் புண்ணாக்கும் ஒரு திரவத்தின் புட்டியில் அந்தப் பெயர் இருக்கவே கூடாது.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிர்காலத்தில் இந்தப் புட்டி கல்லாகி நிற்கும். பாதி உறைந்திருக்கும்போது மேலே நிற்கும் திரவத்தை மட்டும் வடித்து எடுத்தால் செறிவு பிசகும். படிகம் தூய அமிலமாகப் பிரிய, நீரெல்லாம் திரவப் பகுதியில் சேர்ந்திருக்கும். மூடியைத் தளர்த்தி, 25–30 பாகை வெதுவெதுப்பான நீர்த் தொட்டியில் வைத்து முழுதும் உருக்கி, கலக்கிய பிறகே எடுக்க வேண்டும். அடுப்பு, சூடேற்றும் தட்டு எதுவும் கூடாது. இதன் தீப்பற்று நிலை, அதாவது ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை, 39–40 பாகைதான்.

——

பொருள்: மறு: மறு: கலைச்சொல் வேண்டும்

"நீரற்ற அசிட்டிக் அமிலம்" என்று இன்னொரு பட்டியலில் பார்த்தேன். பொருள் சரிதான், ஆனாலும் அதை ஏற்கவே கூடாது.

பாடநூல்களில் "அசிட்டிக் நீரிலி" என்று ஒரு சேர்மம் ஏற்கெனவே இருக்கிறது. அது வேறு பொருள். இரண்டு அசிட்டிக் அமில மூலக்கூறுகளிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு போனால் கிடைப்பது. நீருடன் வினைபுரிந்து சூடாகும். வாங்கவும் வைக்கவும் சட்டக் கட்டுப்பாடு உண்டு. நீரற்றது, நீரிலி என்ற இரு சொற்களும் ஒரே அலமாரியில் நின்றால் கை மாறிப் போகும்.

இரண்டும் ஒரே செய்முறையிலும் வருகின்றன. மருந்துப் பகுப்பாய்வில் நீர்சாராத் தரம்பார்த்தலுக்கு (நீருக்குப் பதில் வேறு கரைப்பானில் செய்யும் அளவறிதலுக்கு) 0.1 நார்மல் பெர்குளோரிக் அமிலக் கரைசல் தயாரிக்கும் முறையைப் பாருங்கள். 900 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலத்தில் 70 விழுக்காட்டுப் பெர்குளோரிக் அமிலம் 8.5 மி.லி. விட்டு நன்றாகக் கலக்க வேண்டும். பிறகே அசிட்டிக் நீரிலி 30 மி.லி. சேர்த்து, 1000 மி.லி. ஆக்கி, 24 மணி நேரம் வைக்க வேண்டும். பெர்குளோரிக் அமிலத்தோடு வந்த 4 கிராம் அளவு நீரைத் தின்பதுதான் நீரிலியின் வேலை. பெயர் குழம்பி, பெர்குளோரிக் அமிலத்தை நேராக நீரிலியில் ஊற்றினால் வெடிக்கக்கூடும். நீரிலி மிஞ்சினாலும் தொல்லை: முதல்நிலை, இரண்டாம்நிலை அமீன்களை (நைட்ரஜன் கொண்ட காரச் சேர்மங்களை) அது அசிட்டைலேற்றம் செய்து காரத்தன்மையைப் போக்கிவிடுவதால் மருந்தின் அளவு குறைவாகக் காட்டும்.

ஆக, நீர் என்ற சொல்லே இந்தப் பெயரில் வரக்கூடாது. படிகத்தைச் சொல்லுங்கள், "பனிப்படிக அசிட்டிக் அமிலம்" என்பது என் முன்மொழிவு.

——

பொருள்: மறு: மறு: மறு: கலைச்சொல் வேண்டும்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இங்கே நாங்கள் அசற்றிக்கமிலம் என்று எழுதுவோம். அந்த வேறுபாடு இருந்துவிட்டுப் போகட்டும்.

"உறை" என்ற முன்னொட்டில் எனக்கு உடன்பாடில்லை. களுத்துறை, கேகாலைப் பக்கம் இறப்பர்ப் பாலை உறைய வைக்க இடுவது போமிக்கமிலம் (ஃபார்மிக் அமிலம்) அல்லது அசற்றிக்கமிலம். அவர்களிடம் "உறை அமிலம்" என்றால் பாலை உறையச் செய்யும் அமிலம் என்றுதான் விளங்கும். புட்டியிலிருந்து அப்படியே ஊற்றினால் விழுந்த இடம் மட்டும் கட்டியாகி, மற்றப் பால் வெள்ளையாகவே நின்றுவிடும். ஓரிரு விழுக்காட்டுக்கு நீர்த்த பிறகுதான் ஊற்ற வேண்டும். தானே உறைவதா, உறைய வைப்பதா என்று பிரிக்க முடியாத முன்னொட்டை விடுவோம். பனிப்படிக என்பதில் அந்தச் சிக்கல் இல்லை.

——

பொருள்: மறு: மறு: மறு: மறு: கலைச்சொல் வேண்டும்

பனிப்படிக அசிட்டிக் அமிலம் எனக்கும் சரி. ஆனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான முன்பரிசோதனையில் 3–5 விழுக்காட்டு அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மையாகும் இடத்தைப் பார்க்கிறார்கள். 100 மி.லி. வேண்டுமென்றால் 95 மி.லி. வாலைவடிநீரில் 5 மி.லி. பனிப்படிக அமிலம். நீர்க்காத புட்டியும் நீர்த்த புட்டியும் நிறத்தில் ஒன்றுபோலவே இருக்கும். நீர்க்காததைத் தடவினால் அந்தப் பெண்ணுக்குக் கடும் தீப்புண். எனவே "பனிப்படிக" என்ற சொல் மூலப்புட்டியில் மட்டுமே வரட்டும். நீர்த்ததில் "அசிட்டிக் அமிலம் 5%" என்றும், தயாரித்த நாளும் போதும். இரண்டிலும் விழுக்காட்டை எண்ணில் எழுதுங்கள். அந்த எண்ணைப் பெயரைவிடப் பெரிதாக வையுங்கள்.

மூலப்புட்டிச் சீட்டில் இன்னும் மூன்று வரி சேர்க்கக் கேட்கிறேன். "நைட்ரிக் அமிலம், பெர்மாங்கனேட் அருகில் வைக்காதே." "மெல்லிய கையுறை போதாது. பியூட்டைல் ரப்பர் கையுறை அணி." "தோலில் பட்டால் வலிக்காவிட்டாலும் உடனே 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவு. கொப்புளம் சில மணி நேரம் கழித்தும் எழலாம்."