குவில்ட் தைக்க சின்ன பிரிண்ட் காட்டன் எங்க வாங்குறீங்க? (நான் மதுரை)

ஊசிநூல்காரி:
வணக்கம் மக்களே. 15 வருஷமா வீட்ல பிளவுஸ், சுடிதார் தைக்கிறேன். ரெண்டு வருஷமாத்தான் இந்த குவில்ட் (துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைச்சு, நடுவுல பஞ்சு வச்ச போர்வை) பைத்தியம் பிடிச்சிருக்கு, சொந்தத்துல எந்த வீட்ல புள்ளை பிறந்தாலும் 36க்கு 45 இன்ச்ல ஒண்ணு தைச்சுக் குடுத்துடுறேன். பிரச்சனை துணிதான். விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்துல ஒரு பெரியவர் கடை வச்சிருந்தாரு, கால் மீட்டர் கேட்டாலும் முகம் சுளிக்காம கிழிச்சுக் குடுப்பாரு, துணிச் சுருள் முடியுற இடத்துல மிஞ்சுற பிட்டையெல்லாம் எனக்குன்னு ஒரு மஞ்சப்பையில போட்டு வைப்பாரு. போன வைகாசியோட கடையை மூடிட்டாரு.

புதுமண்டபத்துல இருந்த கடையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுச்சுல்ல, அங்கயும் ஒரு சுத்து சுத்திட்டேன், நான் தேடுறது கிடைக்கல. பெரிய ஜவுளிக்கடைக்குப் போனா மீட்டர் துணி செக்‌ஷன் முழுக்க ரேயானும் ஜார்ஜெட்டும்தான், காட்டன்னு ஒண்ணு ரெண்டு இருந்தாலும் ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அளவு, அதை 4 இன்ச் சதுரமா வெட்டினா ஒரு துண்டுல இதழ் மட்டும் வருது இன்னொரு துண்டுல காம்பு மட்டும் வருது. ஆன்லைன்லயும் ஒரு தடவை வாங்கினேன். போட்டோல கடுகு மாதிரி புள்ளி, வந்தது அஞ்சு ரூபா காசு சைஸ்ல புள்ளி, ப்யூர் காட்டன்னு போட்டிருந்தான், அயர்ன் பாக்ஸ் வச்சதும் சுருங்கி இழுத்துக்கிச்சு.

ஒரு குவில்டுக்கு 12, 15 விதம் துணி வேணும், ஒவ்வொண்ணுலயும் கால் மீட்டர் போதும். இதுதான் கடைக்காரங்களுக்குப் புரிய மாட்டேங்குது. பஸ்ல போய்ட்டு ஒரு நாள்ல திரும்புற தூரம்னா எந்த ஊருக்கும் போக ரெடி. சொல்லுங்க.

ஈரோட்டான்:
அக்கா, ஈரோடு வாங்க. பன்னீர்செல்வம் பார்க் கிட்ட கனி மார்க்கெட்னு கேட்டா யாரும் வழி சொல்லுவாங்க. தினசரி கடையும் இருக்குதுங்க, ஆனா வாரச்சந்தை திங்கட்கிழமை சாயந்திரம் ஆரம்பிச்சு செவ்வாய்க்கிழமை வரைக்கும், அன்னைக்கு வந்தாத்தான் சரக்கு பாக்க முடியும். கேரளா, கர்நாடகா, ஆந்திரா யாவாரிங்க ராத்திரியே வந்து மூட்டை மூட்டையா தூக்கிட்டுப் போயிருவாங்க, அந்த நேரத்துல போய் கால் மீட்டர்னு நின்னீங்கன்னா காதுலயே வாங்க மாட்டாங்க. செவ்வாய்க்கிழமை காலைல 10 மணிக்கு மேல வாங்க, மொத்த யாவாரம் ஓஞ்சிருக்கும், சில்லறைக்கு நிதானமா பேசுவாங்க. தீபாவளிக்கு முன்னாடி ஒரு மாசம் மட்டும் இந்தப் பக்கமே வந்துறாதீங்க.

இன்னொண்ணுங்க. குவில்ட்னு சொன்னா யாருக்கும் புரியாது. "நைட்டி பிட் இருக்குதா"ன்னு கேளுங்க. நைட்டி துணியிலதான் சின்னப் பூ, சின்னப் புள்ளி, கோடு எல்லாம் காட்டன்ல வரும். தைக்கிறவங்க கிட்ட மிஞ்சுற துண்டை கட்டுக் கட்டிப் போட்டிருப்பாங்க. எங்க அம்மா அதை வாங்கித்தான் தலையணை உறை பூரா தைச்சு வச்சிருக்குது.

பாரிமுனை பார்வதி:
மதுரைல இருந்து ஒரே நாள்ல மெட்ராஸ் வந்து போறது கஷ்டம்தான்மா, ஆனா வேற வேலையா வந்தா கோடவுன் தெருவை விட்டுடாத. பாரிமுனைல என்எஸ்சி போஸ் ரோட்ல இருந்து உள்ள திரும்பணும். ஞாயித்துக்கிழமை முக்காவாசி பூட்டித்தான் இருக்கும். ஹோல்சேல்தான், ஆனா மாடிப்படி ஏறி உள்ள போனா மீட்டர் கணக்குல குடுக்குற கடையும் இருக்கு, "சாம்பிளுக்கு வேணும், டெய்லரிங் யூனிட் வச்சிருக்கேன்"னு சொல்லு, பொய் இல்லியே, உன் வீடு யூனிட்தானே. லேஸ், பட்டன், ஜிப்புக்கு அப்படியே சௌகார்பேட்டைப் பக்கம் நடந்துடு.

பிளெயின் கலருக்கு இவ்ளோ தூரம் அலையவே வேணாம். உங்க ஊர் மேட்சிங் பிளவுஸ் கடையில சுவர் பூரா கலர் கலரா அடுக்கி வச்சிருப்பான் பாரு, அவன்தான் நமக்கு பெஸ்ட். 80 சென்டிமீட்டர், 1 மீட்டர்னு வெட்டிக் குடுத்தே பழகினவன், கம்மியா கேட்டா கோவிச்சுக்க மாட்டான். ஆனா டூ பை டூன்னு ஒரு பிளவுஸ் துணி ரகம் இருக்கும், அதை வாங்காத, ரொம்ப மெலிசு, தையல் மார்ஜின் வெளிய தெரியும், வெள்ளைக்குப் பக்கத்துல கருஞ்சிவப்பு வச்சா அசிங்கமா நிழல் அடிக்கும். பாப்லின் இல்லன்னா 60க்கு 60 கேம்ப்ரிக்னு கேளு. பன்னாவும் (துணியோட அகலம்) கேட்டுக்க, சிலது 36 இன்ச்தான் வரும், 44ன்னு நினைச்சு கணக்குப் போட்டா கடைசி வரிசைக்குத் துணி பத்தாது. நான் அழுதிருக்கேன்.

காட்டனான்னு சந்தேகமா, ஓரத்துல நாலு நூல் உருவிட்டு வந்து கொளுத்து. காட்டன்னா காகிதம் எரிஞ்ச வாசம் வரும், சாம்பல் தொட்டா பொடியாயிடும். பாலியஸ்டர் கலந்திருந்தா உருகி நுனியில மணி மாதிரி கெட்டியா நிக்கும். கடைக்குள்ளயே கொளுத்தாத தாயே, துணிக்கடை அது.

பனியன்சிட்டி:
இங்க திருப்பூர் காதர்பேட்டைல எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் வாங்கலாம், கட்பீஸ் கிலோ கணக்குல கிடைக்கும், மீட்டர் விலையோட பார்த்தா கொள்ளை மலிவு.

பாரிமுனை பார்வதி:
@பனியன்சிட்டி தம்பி, அது பனியன் துணிப்பா. இழுத்தா நீளும். சதுரமா வெட்டி வச்சா தைக்கிறதுக்குள்ள சாய்சதுரம் ஆயிடும். புதுசா தைக்கிறவங்களை அதுல இறக்கி விடாத.

பனியன்சிட்டி:
ஒத்துக்கறேன் அக்கா, ஆனா எல்லாமே பனியன் இல்ல, சட்டைத் துணி பிட்டும் வரும், பொறுக்கி எடுக்கணும். கிலோவுல வாங்கினா பாதி வேஸ்ட் ஆகும்ங்கறதும் உண்மைதான், ரெண்டு விரல் அகலத் துண்டெல்லாம் உள்ள திணிச்சிருப்பான். பனியன் துணியே தைக்கணும்னா பின்னாடி ஒட்டுற கேன்வாஸ் வச்சு அயர்ன் பண்ணிட்டு வெட்டுங்க, அப்புறம் நீளாது. எங்க வீட்ல பையனோட பழைய டிஷர்ட் 20 சேர்த்து அப்படித்தான் போர்வை தைச்சோம்.

சுங்குடி ராணி:
நானும் மதுரைதான்! ஊர்லயே வச்சுக்கிட்டு எங்கெங்கயோ தேடுறீங்களே. சுங்குடி சேலை ஒண்ணு வாங்குங்க. சின்னச் சின்னப் புள்ளி, நல்ல காட்டன், அஞ்சரை மீட்டர் துணி, மீட்டருக்கு வகுத்துப் பாருங்க, மீட்டர் கணக்குல வாங்குற துணியை விடக் கம்மியாத்தான் வரும். 2005லயே புவிசார் குறியீடு வாங்குன சரக்கு, நம்மதான் மதிக்க மாட்டேங்குறோம். கையால முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்துனது இப்ப விலை ஜாஸ்தி, கிடைக்கிறதும் அபூர்வம், அதை வெட்ட மனசும் வராது. பிரிண்ட் பண்ணுனது போதும் நமக்கு. திண்டுக்கல் போற வழியில சின்னாளப்பட்டில இறங்குனா அங்கயும் நிறைய இருக்கு.

ஒண்ணே ஒண்ணு, சாயம் போகும். முதல்ல தனியா நனைச்சு அலசுங்க, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசிட்டு, ஈரத் துணிக்குள்ள ஒரு வெள்ளைக் கர்சீப்பைச் சுத்தி வச்சுப் பாருங்க, கர்சீப் வெள்ளையா இருந்தா வெட்டுங்க. இது எல்லா காட்டனுக்கும்தான், நனைக்காம தைச்சா முதல் சலவையில ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு அளவு சுருங்கி குவில்ட் அப்பளம் மாதிரி ஆயிடும்.

அப்புறம் உங்க தெரு டெய்லர் கிட்ட கேட்டீங்களா? யூனிஃபார்ம் தைக்கிற சீசன்ல கோடு, கட்டம் போட்ட துணி அவ்ளோ மிஞ்சும். நான் ஒரு டெய்லர் அண்ணனுக்கு மாசம் ஒரு தடவை பன் பட்டர் ஜாம் வாங்கிக் குடுத்துட்டு ஒரு பை அள்ளிட்டு வர்றேன்.

ஊசிநூல்காரி:
இத்தனை பேர் எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல, ரொம்ப நன்றி. போன திங்கட்கிழமை நைட் பஸ் ஏறி ஈரோடு போய்ட்டு வந்தேன். @ஈரோட்டான் தம்பி சொன்ன மாதிரியே "நைட்டி பிட்"டுன்னு கேட்டதும் ஒரு அம்மா ஸ்டூலுக்கு அடியில இருந்து ரெண்டு கட்டு இழுத்துப் போட்டாங்க, உக்காந்து பொறுக்குறதுக்கு இடமும் குடுத்தாங்க, 19 விதம் எடுத்தேன்! அதுல மூணு பாலியஸ்டர் கலந்தது, வீட்டுக்கு வந்து கொளுத்திப் பார்த்துத்தான் தெரிஞ்சுச்சு. @சுங்குடி ராணி அக்கா, அம்மாவோட பழைய அரக்குச் சுங்குடி ஒண்ணு பீரோல கிடந்துச்சு, அலசுறேன் அலசுறேன் நாலு நாளா தண்ணி இன்னும் ரோஸாத்தான் வருது.

இப்ப அடித்துணிக்கு என்ன போடுறீங்க? அப்புறம் நடுவுல வைக்க பஞ்சு? இலவம்பஞ்சுதான் போடணும்னு மாமியார் ஒத்தக்கால்ல நிக்கிறாங்க.

சுங்குடி ராணி:
இலவம்பஞ்சு வேணாம், தலையணைக்கு ஓகே, குவில்டுல துவைக்கத் துவைக்க ஒரு மூலையில போய் உருண்டு உக்காந்துக்கும். சோபா ரெக்சின் விக்கிற கடையில வாடிங்னு கேளுங்க, பஞ்சை ஷீட்டா சுருட்டி வச்சிருப்பாங்க, நம்ம ஊர் வெயிலுக்கு 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம்) தாராளம். அடித்துணிக்கு வேட்டிதான் அக்கா! எட்டு முழ வேட்டி, கரை சின்னதா இருக்கறதா பாருங்க. எட்டு முழம்னா மூணரை மீட்டருக்கு மேல வருது, அகலமும் உங்க புள்ளைக் குவில்டுக்கு ஒட்டுப் போடாமயே பத்தும், ஒரு வேட்டில ரெண்டு குவில்ட் முடிச்சிடலாம். எங்க வீட்டுக்காரர் இப்பல்லாம் பீரோவைப் பூட்டி சாவியை எடுத்துட்டுத்தான் வேலைக்குப் போறாரு.